அவளக் கேளுங்க

பழங்காநத்தம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், தரைக்குக் கீழே இருந்த லாண்டரியில்தான் நானும் அக்காவும் துணி மடித்தோம். கூடப் பிறந்த அக்கா இல்லை. என்னைவிட மூத்தவள், வேலையில் எனக்கு முன்னால் சேர்ந்தவள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். வண்டியூரிலிருந்து பஸ் ஏறி வருவாள். நான் திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் வயலில் நாற்று நட்ட வீட்டில் பிறந்து அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற துணியை எந்தப் பக்கம் உள்ளே போக மடிக்க வேண்டும் என்பதிலிருந்து எல்லாமே எனக்கு அவள் சொல்லிக் கொடுத்தது.

அக்காவுக்குக் காது கேட்காது; பக்கத்தில் நின்று கத்தினால் லேசாக எட்டும். முகத்துக்கு நேரே நின்று அழுத்திச் சொன்னால், உதட்டைப் பார்த்துக் கொஞ்சம் பிடித்துக்கொள்வாள். மிஷின் ஓடுகிற இடத்தில் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள் என்பதால் அது வெளியே தெரியவில்லை. போதாததற்கு அக்கா ஓயாமல் பேசுகிறவள். இவ்வளவு பேசுகிறவளுக்குக் காது கேட்காது என்று யாருக்குத் தோன்றும்? நான் அதற்கு நேர்மாறு. நாலு பேர் கூடிவிட்டால் எனக்குக் குரலே எழும்பாது. இப்படி இரண்டு பேர் ஒரு பெட்ஷீட்டின் இரண்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சூப்பர்வைசர் கூப்பிட்டால் நான் துணியை ஒரு இழு இழுப்பேன், அக்கா திரும்பிவிடுவாள். அவளுக்குப் பின்னால் தள்ளுவண்டி வந்தால் என் பக்கமாகச் சேர்த்து இழுப்பேன். உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டது இல்லை. செய்யச் செய்ய வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கு என்னென்ன தெரியும், அது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, புது வழியை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று அளந்து பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நர்ஸ்களை அளந்தார்கள், மருந்துக் கடையை அளந்தார்கள், கடைசியில் எங்களிடமும் வந்தார்கள். என்ன விஷயம் என்று நான் அக்காவுக்கு முகத்துக்கு நேரே நின்று சொன்னேன்.

“தெரிஞ்சத எப்படிண்ணே அளப்பாக? படியில அள்ளியா?” என்று அக்கா சூப்பர்வைசரைக் கேட்டாள்.

“உனக்குத் தெரிஞ்சதுக்கு ஆழாக்கு போதும்த்தா” என்றார் அவர்.

எல்லாரும் சிரித்ததைப் பார்த்து அக்காவும் சிரித்தாள்.

கேள்வி கேட்க வந்த பெண்ணுக்கு என் பேத்தி வயசுதான் இருக்கும். நல்ல பிள்ளை. நான் உள்ளே போனதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டது. அதற்கே எனக்குக் கூசிப் போய்விட்டது.

“வேலைல ஒரு சந்தேகம் வந்தா யார்கிட்டம்மா கேப்பீங்க?”

“அக்காகிட்ட.”

“புதுசா ஒரு வழி தோணுச்சுன்னா யார்கிட்ட சொல்வீங்க?”

“அக்காகிட்டத்தான்.”

“வேற யார்கிட்டயும் கேக்க மாட்டீங்களா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். சோப்பு விஷயத்தை மிஷின்காரரிடம் கேட்பேன், தியேட்டர் துணியைப் பற்றி நர்ஸம்மாவிடம் கேட்பேன். ஆனால் அவர்களை எதற்கு இதில் இழுத்துவிட வேண்டும் என்று இருந்தது. பேர் எழுதப்படுகிறவர்களுக்கு ஏதோ நல்லது வரும்போல, அது அக்காவுக்கே வரட்டும் என்றும் இருந்தது.

அடுத்து அக்கா போனாள். கதவு திறந்துதான் இருந்தது, நான் வெளியே துணி மூட்டையோடு நின்றேன். அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டே கேட்டது. உதடு தெரியவில்லை.

“அதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவளக் கேளுங்க” என்றாள் அக்கா. அடுத்த கேள்விக்கும், “அவளையே கேளுங்க.” அதற்கு அடுத்ததற்கும் அதேதான்.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “தலைய நிமித்தவே மாட்டேங்குது அந்தப் பிள்ள. என்னத்தக் கேட்டுச்சோ, எல்லாத்துக்கும் உன்னயச் சொல்லிட்டு வந்துட்டேன் புள்ள.”

கொஞ்ச நாள் கழித்து எங்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். ஆளுக்கு ஒரு வட்டம். யார் யாரைக் கேட்கிறார்களோ அவர்களுக்கு நடுவே கோடு. லாண்டரி முழுக்கச் சிலந்திவலை மாதிரி கோடு ஓடியது. ஓரத்தில் இரண்டு வட்டம் மட்டும் தனியாக இருந்தது. நடுவே தடித்த ஒரு கோடு, வேறு எங்கும் போகவில்லை.

“இந்த ரெண்டு பேருக்குத்தான் நெறையத் தெரியுது” என்றது அந்தப் பெண். “ஆனா அவங்களுக்குள்ளயே நின்னுபோகுது. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து லீவு போட்டா மத்தவங்க என்ன செய்வாங்க? வேற வேற ஷிப்டுல போட்டா எல்லாருக்கும் பரவும்.”

அது சொன்னதில் தப்பு இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். எனக்குக் காலை ஷிப்ட், அக்காவுக்கு மத்தியான ஷிப்ட் என்று முடிவானது. அதை அக்காவுக்கு உதடு தெரியச் சொல்லிவிட்டு, அவள் காது விஷயத்தைச் சொல்ல நான் அந்தப் பெண்ணின் பக்கம் ஒரு எட்டு வைத்தேன். அக்கா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

“வாயத் தொறந்தே, கொன்னுபோடுவேன்” என்று காதோரம் சொன்னாள். “வண்டியும் மிஷினும் ஓடுற எடத்துல என்னய வச்சுக்கிருவாகளா? நாளைக்கே வீட்டுக்குப் போன்னுருவாக.”

அதன் பிறகு ஷிப்ட் மாறும்போது படிக்கட்டில்தான் பார்த்துக்கொள்வோம். மத்தியான ஷிப்ட்டுப் பெண்கள் என்னிடம் குறைப்பட ஆரம்பித்தார்கள்.

“என்ன அத்த ஒங்க அக்கா? கூப்புட்டாத் திரும்பக்கூட மாட்டேங்குது. ஒண்ணு கேட்டாப் பதில் இல்ல. தானாப் பேசுறதுக்கு மட்டும் வாய் வலிக்கலயோ?”

“முன்னால போய் நின்னு கேளுடி” என்றேன். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

“ஏன், மகாராணியா அவுக? தெரிஞ்சதச் சொன்னா அம்புட்டும் கொறஞ்சா போகும்?”

அன்றைக்குப் படிக்கட்டில் அக்காவை நிறுத்தி, அவள் முகத்துக்கு நேரே, “சொல்லிருவோம்க்கா” என்றேன். “திமிரு பிடிச்சவன்னு பேசுறாளுக.”

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “பேசிட்டுப் போறாளுக. செவிடின்னு ஒருத்தி சொல்லக் கூடாது. வீட்லயே நான் ஒத்துக்கிட்டதில்ல, இங்கயா?”

ஒரு நாள் துணி ஏற்றிய தள்ளுவண்டி பின்னாலிருந்து வந்து அவள் குதிகாலில் ஏறிவிட்டது. வண்டி தள்ளியவன் கத்தியிருக்கிறான். இவள் நகரவில்லை. காயம் பெரிதில்லை, ஆனால் வந்து கூட்டிக்கொண்டு போன மகன் அதோடு அவளை வேலைக்கு அனுப்பவில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது முறை அளந்தார்கள். ஆளாளுக்கு மார்க் போட்டு ஒட்டினார்கள். எனக்கு நல்ல மார்க். நான் யாருக்கும் வாய் திறந்து சொல்லிக் கொடுக்கவில்லை. என்னோடு நின்ற பெண் என் கையைப் பார்த்தே பழகிக்கொண்டாள். அக்கா வேலையை விட்டுப் போயிருந்தாலும் அவள் பேரும் இருந்தது, எல்லாருக்கும் கீழே. பக்கத்தில் ஒரு வரி: தெரிந்ததைப் பிறருக்குச் சொல்வதில்லை. அஞ்சாவது படித்த எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. படித்து முடித்துத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் அவரவர் மார்க்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டு என்ன பேச முடியும்? ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், காலில் கட்டு. என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தவள், காபி ஆறுகிறவரை நிறுத்தவில்லை. தெப்பக்குளத்தில் இந்த வருஷம் தண்ணீர் நிற்பதைச் சொன்னாள், மகன் சத்தம் போட்டதைச் சொன்னாள். பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அந்தப் பிள்ள மார்க்குப் போட்டுச்சாமே. எனக்கு எம்புட்டுப் புள்ள?”

உள்ளே மருமகள் பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டது. வாசல் கதவு திறந்து கிடந்தது, தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மெதுவாகச் சொன்னால் அக்காவுக்கு எட்டாது. என் வாழ்நாளில் நான் அப்படிச் சத்தம் போட்டதே இல்லை.

“நல்ல மார்க்குக்கா! நீதான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவன்னு எழுதிப் போட்டிருக்காக!”

மருமகள் ஈரக்கையோடு வெளியே வந்தாள். எதிர்வீட்டில் ஒருவர் எட்டிப் பார்த்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது, தலை தானாகக் குனிந்துகொண்டது.

அக்கா அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எதுக்குடி இந்தக் கத்துக் கத்துற? எனக்கென்ன காதா கேக்கல?” என்று சிரித்தாள். மருமகள் உள்ளே போகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

“சரி, எனக்கு எம்புட்டுன்னு சொல்லவே இல்லையே நீ.”

நான் தலையை நிமிர்த்தி, அதையே மறுபடியும் கத்தினேன்.