லாட் கார்டில் என் பெயர்

தம்பிக்கு ஐந்து டாக்டர்கள் இருந்தார்கள். எனக்கு ஒருவர்கூட இல்லை. எட்டு வயதில் இது எனக்குப் பெரிய ஓரவஞ்சனையாகத் தெரிந்தது.

வலிப்புக்குக் கோயமுத்தூரில் ஒருவர், சாப்பாடு சரியாக இறங்காததற்கு ஒருவர், காலுக்கு, கண்ணுக்கு, சளி காய்ச்சலுக்குத் திருப்பூரிலேயே ஒருவர். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. ஒருமுறை இரண்டு பேர் ஒரே மருந்தை இரண்டு பெயரில் எழுதிவிட, தம்பி இரண்டு நாள் சரியாகக் கண் விழிக்கவேயில்லை. அவன் தெளிந்த அன்று, அம்மா வேலை முடிந்து வரும்போது ஒரு லாட் கார்டு கொண்டுவந்தாள்.

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் அம்மாவுக்கு, துணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பின்தொடர்ந்து பார்க்கும் ஃபாலோ-அப் வேலை. துணி சாயப்பட்டறைக்கும் கட்டிங்குக்கும் போகும்போது அந்த அட்டையும் கூடவே போகும். எங்கே என்ன செய்தார்கள், யார் பொறுப்பு, எல்லாம் அதில் இருக்கும். அட்டை இல்லாத துணியை யாரும் தொடமாட்டார்கள். துணிக்கே இத்தனை மரியாதை என்றால் பெற்ற பிள்ளைக்கு வேண்டாமா என்று நினைத்திருப்பாள். அட்டையில் சாயப்பட்டறை என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு வலிப்பு டாக்டர் என்று எழுதினாள். கொடுக்கும் மருந்து நீல மையில், ஒத்துக்கொள்ளாதது சிவப்பு மையில்.

கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பைத்தியம் அப்போது எனக்கு. அட்டையின் அடியில் மூன்று கட்டங்கள். அவற்றுக்கு மேலே அச்சிட்டிருந்த இங்கிலீஷ் வார்த்தை விளங்கவில்லை. முதலில் அம்மா பெயர், அடுத்து அப்பா, மூன்றாவதாக என் பெயர்.

நோவுக்கென்றே போட்ட அட்டையில் நான் எதற்கு? அவர்கள் பெரியவர்கள், இடுப்பு வலி, முழங்கால் வலி என்று ஏதாவது இருக்கும். எனக்கு என்ன? கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். அப்பாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"உங்கம்மா காரணமில்லாம ஒண்ணும் எழுத மாட்டா கண்ணு" என்றார்.

போயிற்று. எனக்கும் ஏதோ இருக்கிறது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிடப் பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் கோயமுத்தூர் போனோம். வழக்கமான டாக்டர் லீவு, புதியவர் ஒருவர் இருந்தார். அம்மா ரத்த ரிசல்ட் வாங்கக் கீழே போன நேரம் பார்த்து எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டார், நான் பையைத் தூக்கிக்கொண்டேன்.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் அப்பாவிடம் ஒரே பதில்தான்: "அதெல்லாம் அவளுக்குத்தானுங்க தெரியும் சார், இப்ப வந்துருவா."

வெளியே கூட்டம். டாக்டர் பைலைப் புரட்டிவிட்டு ஒரு புது சிரப் எழுத ஆரம்பித்தார். அம்மா வந்துவிட்டால் என் சங்கதியைக் கேட்க முடியாது. பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன்.

"எனக்கு என்ன நோவுங்க சார்?"

அவர் சிரித்துக்கொண்டே வாங்கி, என் பெயரைத் தேடி மேலிருந்து விரலை ஓட்டினார். சிவப்பு மையில் விரல் நின்றது.

"இந்த சிரப் குடுத்தப்ப மூச்சுத் திணறுச்சா?"

"ஆமாங்க சார். திருப்பூர் ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் வெச்சிருந்தமுங்க" என்றார் அப்பா.

அவர்கள் பைலில் அது இல்லை. எழுதிய சீட்டை டாக்டர் கிழித்துப் போட்டார். பிறகு அட்டையின் அடிவரை படித்து, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"உனக்கு ஒண்ணுமில்ல பாப்பா."

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. விஷயம் தெரிந்து அம்மா அங்கேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சீக்கு இல்லாத பிள்ளைக்கு எதற்கு அழுகை என்று நான் நினைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், பிறகு ஏன் என் பெயரை எழுதினாய் என்று. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "காலிக் கட்டம் இருந்தா கார்டு செல்லாது கண்ணு."

கட்டத்தை நிரப்பத்தானா என்று சப்பென்று போய்விட்டது.

கட்டங்களுக்கு மேலே இருந்த அந்த இங்கிலீஷ் வார்த்தைக்குப் பொறுப்பு என்று அர்த்தம். அன்று அம்மாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தானும் அப்பாவும் இல்லாத ஒரு காலத்தை உட்கார்ந்து யோசித்து, அங்கே தம்பி பக்கத்தில் என்னை நிறுத்தியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கிழியக் கிழிய மாற்றி இது ஏழாவது அட்டை. முதல் கட்டத்தில் இப்போது என் பெயர், இரண்டாவதில் என் வீட்டுக்காரர். மூன்றாவதை எழுதப் பேனாவை எடுத்தபோது, என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.