சிலந்தி இல்லை, வண்டு: ஞானசெல்வி மேடம் நினைவாக

செய்தி வந்தபோது இராஜபாளையம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். கல்லூரி அலுவலக உதவியாளர் போனில் சொன்னார்: “சார், நம்ம ஞானசெல்வி மேடம் தவறிட்டாக. நேத்துலருந்தே நெஞ்சு வலியாம். வாயுன்னு கசாயம் குடிச்சிட்டுப் படுத்திருக்காக.”

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் கொப்புளம் கண்டதற்குக் காரணம் தேடி அலைந்த விலங்கியல் பேராசிரியர், தன் வலிக்கு மட்டும் வாயு என்று பெயர் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாரே!

அந்தப் பெண் மாரியம்மாள். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை. நான் வேதியியல் துறை; நானும் மேடமும் தினமும் கல்லூரிக்குப் போகும் பேருந்தில்தான் அவளும் வருவாள். ஒருநாள் அவள் கழுத்தில் சூடு போட்டதுபோல் சிவந்த கோடு.

“என்னம்மா இது?” என்றார் மேடம்.

“எட்டுக்கால் பூச்சி ஓடிருக்கும்ங்காக டீச்சர். நாலஞ்சு பேருக்கு இப்பிடித்தான். ஒட்டுவாரொட்டி, மத்தவுகளுக்கும் தொத்தும்னு வேலைக்கு வரவேண்டாம்னுட்டாக. சம்பளப் பாக்கி வாங்கப் போறேன்.”

மேடம் அன்று கல்லூரிக்கு வரவில்லை. கம்பெனிக்குப் போய், ஜன்னலோரம் டியூப்லைட்டுக்குக் கீழே கிடந்ததை ஒரு மருந்துக் குப்பியில் பிடித்திருந்தார். சாயங்காலம் என்னிடம் நீட்டினார். எறும்பு மாதிரி, கறுப்பும் ஆரஞ்சும் கலந்த சிறு உடல். “எண்ணுங்க சார். ஆறு கால், தலையில உணர்கொம்பு. சிலந்திக்கு எட்டுக் கால், கொம்பு கிடையாது. இது வண்டு. மேல்சிறகு குட்டை, அதனால வண்டுன்னே தெரியாது. கடிக்காது. கழுத்துல ஊரும்போது நசுக்கினா, உள்ள இருக்கிற நீர் தோலைப் பொசுக்கிரும். ஒட்டுவாரொட்டியே இல்லை.”

மறுநாள் கம்பெனி முதலாளியிடம் மேடம் அதைச் சொல்லப் போனபோது நானும் கூட இருந்தேன். “சிலந்தியோ வண்டோ, மருந்தடிச்சாச் செத்துரும். இதுக்குப் போயி பாடம் எடுக்கீகளே மேடம்” என்று சிரித்தார் அவர்.

“பேரு தப்புன்னா வைத்தியமும் தப்பு. வெளிச்சத்துக்கு வர்ற வண்டுக்கு ஒட்டடையும் மருந்தும் அடிச்சு என்ன செய்ய? ஜன்னலுக்கு வலை போடுங்க, விளக்கை மாத்துங்க. அந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடுங்க.”

அவர் மருந்துதான் அடித்தார். வண்டு மறுபடியும் வந்தது. மேடமும் மறுபடி மறுபடி போனார். வாசலில் நிற்க வைத்தார்கள், நின்றார். கடைசியில் முதலாளியின் மகளுக்கே கண்ணோரம் கொப்புளம் வந்த பிறகு வலை வந்தது, மஞ்சள் விளக்கு வந்தது. மாரியம்மாளின் இடத்துக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டது. “வெளக்கையும் மாத்திட்டாக டீச்சர், என்னையும் மாத்திட்டாக” என்றாள் அவள், பேருந்தில் எங்களைப் பார்த்ததும். வண்டி வன்னியம்பட்டியைத் தாண்டும்போது மேடம் என் பக்கம் திரும்பினார். “நான் சொன்னது சரின்னு ஆகி யாருக்கு என்ன லாபம் சார்?” என்றார்.

இரங்கல் கூட்டத்துக்கு மாரியம்மாளும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் கல்லூரி முதல்வர், “நட்சத்திர மீன் முதலிய கடல் பூச்சிகளை நேசித்தவர்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என்னால் முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

“மன்னிக்கணும். நட்சத்திர மீன் பூச்சி இல்லை, மீனும் இல்லை. பூச்சிக்கு ஓடு வெளியே, கால் கணுக்கணுவா இருக்கும். இதுக்குத் தோலுக்கு அடியில சுண்ணாம்புத் தட்டு, நீரழுத்தத்துல நகர்ற குழாய்க்கால். முட்தோலின்னு தனி இனம். கரு வளர்ற விதத்தைப் பார்த்தா பூச்சியை விட நமக்குத்தான் நெருங்கின சொந்தம்னு மேடம் சொல்லுவாக.”

“சார், இது இரங்கல் கூட்டம்” என்றார் முதல்வர்.

“அதனாலதான் சொல்றேன்” என்றேன். பின்வரிசையில் மாரியம்மாள் எழுந்து நின்றாள். நான் உட்காரும்வரை நின்றாள்.

அவரை அறிந்த உங்களுக்கு வேறு வேறு நினைவுகள் இருக்கும். எனக்கு அவரிடமிருந்து வந்திருப்பது, தப்பான பெயரைக் கேட்டால் வரும் இந்தப் பொறுமையின்மை. யாருக்கும் பிடிக்காது, எனக்கே சங்கடம்தான். ஆனாலும் வைத்துக்கொள்கிறேன்.