இடது கட்டைவிரல்

என் வீட்டுக்காரருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர். காலையில் வீட்டு முன்னறையில் மனிதர்களுக்கு ஊசி. மாலையில் குதிரையேற்றப் பள்ளியில் குதிரைகளுக்கு ஊசி. மருந்தெல்லாம் கிடையாது, முடி மாதிரி மெல்லிய வெறும் ஊசி. இறுகி முடிச்சு விழுந்த தசையை இடது கட்டைவிரலால் தேடிப் பிடிப்பார். வலது கை ஊசியை இறக்கும். சரியான இடமென்றால் தசை ஒரு துள்ளு துள்ளிவிட்டுத் தளரும். அந்தத் துள்ளலைக் கட்டைவிரல்தான் சொல்ல வேண்டும்.

நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது நான். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் எல்லாம் காதில் விழும். முன்பெல்லாம் உள்ளே பேச்சே இருக்காது. மூன்று மாதமாக, "இங்கயா? இல்ல, இங்கயா?" என்று ஓயாத கேள்வி. தோள்வலிக்காரர் ஒருவர் கடுப்பாகி, "வலி எனக்குன்னாலும் தேடுறது நீங்கதானே சார்?" என்று கேட்டே விட்டார்.

வீட்டிலும் அந்த விரலை மேசை விளிம்பில், கதவு நாதாங்கியில், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வைத்துப் பார்ப்பார். "விரலுக்கு என்னங்க?" என்றால், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று எரிந்து விழுவார். எனக்கும் சுருக்கென்று கோபம் வரும். கோபத்துக்கு அடியில் பயம்தான். இருபது வருடமாக அந்த விரலை நம்பித்தானே எங்கள் குடும்பம் ஓடியது.

போன வாரம், முதுகு பிடித்துக்கொண்ட பெண்குதிரை ஒன்று சேணம் வைக்கவே விடவில்லை என்று கூப்பிட்டார்கள். வண்டியை நான்தான் ஓட்டினேன். வழி முழுக்க இவர் கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தார். குதிரையிடம் "இங்கயா?" என்று கேட்க முடியாதே!

லாயத்தில் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இவர் முதுகைத் தடவினார், அழுத்தினார், மறுபடியும் தடவினார். கடைசியில் குத்துமதிப்பாக ஊசியை இறக்கினார்.

"துள்ளிடுச்சு சார்! கரெக்டா பிடிச்சிட்டீங்க!" என்றார் குதிரைக்காரர். நானும் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குத் தசை குதித்தது, இவருடைய கட்டைவிரலுக்கு நேர் கீழே.

"எங்க?" என்று, மூடியிருந்த கண்ணைத் திறந்து கேட்டார் இவர்.

குதிரைக்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். இவர் தலையை ஆட்டிச் சமாளித்திருக்கலாம். ஆனால் ஊசியை உருவி டப்பாவில் போட்டார்.

"விரல் மரத்துப்போச்சுங்க. இப்ப விழுந்தது குருட்டாம்போக்குல விழுந்தது. அடுத்தது எங்க போகும்னு எனக்கே தெரியாது. வேற ஆளக் கூப்பிட்டுக்கோங்க."

கட்டின பெண்டாட்டியிடம் மறைத்ததைக் குதிரைக்காரரிடம் சொன்னார். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், குதிரையின் கழுத்தை வலது கையால் தடவிக்கொண்டே நின்றார்.