யார் வீட்டுச் சாவியோ

என் நோயை நான் பார்த்ததே கிடையாது. எங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பால்காரர் பார்த்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதிச் சபையே பார்த்திருக்கிறது. எனக்கு மட்டும் நாக்கில் செம்புக்காசை வைத்தது போல ஒரு ருசி வரும். அடுத்து கண் திறக்கும்போது எல்லோரும் குனிந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். என் உடம்பில் நடப்பது ஊருக்கெல்லாம் தெரிந்து, எனக்குத் தெரியாமல் இருப்பதை நினைத்தால் இன்றும் ஆச்சரியம் தீரவில்லை.

அதற்கு ஊரில் பெயர் காக்கா வலிப்பு. சின்ன வயதில் அதை அப்படியே நம்பினேன். சிட்லபாக்கத்தில் காக்கைக்கா பஞ்சம்? ஏரிக்கரை முழுக்க அவைதான். இதில் எது என் மேல் கண் வைத்ததோ என்று ஒவ்வொன்றையும் முறைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போவேன். கால் கை வலிப்பு என்பதுதான் வாயில் தேய்ந்து காக்கா வலிப்பாகிவிட்டது என்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது, பாவம் அந்தக் காக்கைகள் என்று தோன்றியது.

அந்த டாக்டர் என் தலையில் கம்பிகளை ஒட்டி ஓர் இயந்திரத்தை ஓடவிட்டார். காகிதம் நகர நகர, மெல்லிய பேனாக்கள் தாமாகவே ஆடிக் கோடு போட்டன. "எழுதறது நீதாம்மா. உன் மூளையில ஓடற கரண்ட் இது," என்றார். எங்கள் தெருவுக்கே அப்போது கரண்ட் வரவில்லை. என் தலைக்குள் மட்டும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறதாம்! வாய் பிளந்து பார்த்தேன். அந்த மின்சாரம் சில நேரம் தாறுமாறாகப் பாய்வதுதான் வலிப்பு, பேயுமில்லை சாபமுமில்லை என்று அம்மாவுக்கு விளக்கினார். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"கையில இரும்பு குடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டாள் அம்மா.

"குடுத்தாலும் நிக்கும், குடுக்கலைன்னாலும் நிக்கும்."

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. டைப்ரைட்டிங் பாஸ் செய்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் எழும்பூரில் ஓர் ஆபீசில் வேலையும் கிடைத்தது. அப்பாவும் அந்தப் பக்கம்தான் வேலை பார்த்தார் என்பதால் அம்மா சம்மதித்தாள். நான் லேடீஸ் பெட்டியில், அவர் ஆண்கள் பெட்டியில். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தலையை வெளியே நீட்டி என் பெட்டியையே பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும். பிறகு அவர் ரிட்டயர் ஆனார். நான் தனியாகப் போய்வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். "வழியில விழுந்தா யாருடி பாத்துப்பாங்க?" என்று அழுதாள் அம்மா. கடைசியில் ஓர் உடன்பாடு: ஒரு தடவை விழுந்தாலும் வேலைக்கு முழுக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கிண்டி தாண்டியதும் நாக்கில் அந்தச் செம்பு ருசி வந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் சில சமயம் வரும். அது அதன் இஷ்டம்.

கண் விழித்தபோது தாம்பரம் வந்திருந்தது. பெட்டி காலி. என் தலை யாரோ ஒரு பெண்மணியின் மடியில் இருந்தது. என் புடவையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டிருந்தார்கள். "பயப்படாத கண்ணு. ஒண்ணும் ஆவல," என்றார் அவர். எனக்குப் பேச வரவில்லை, நாக்கைக் கடித்திருந்தேன். வீடு எந்தப் பக்கம் என்று கையைக் காட்டத்தான் முடிந்தது. ரிக்‌ஷா பிடித்து, வழியெல்லாம் என் தோளை அணைத்துக்கொண்டு வந்தார்.

வாசலில் அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே, "முடிஞ்சுது. இனிமே நீ எங்கயும் போகவேண்டாம்," என்றாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. கையை உதறினேன். உள்ளங்கையிலிருந்து ஏதோ தரையில் விழுந்தது. ஒரு பெரிய இரும்புச் சாவி.

"இது யாரோடது?" என்றாள் அம்மா.

"என் வூட்டுச் சாவிம்மா," என்றார் அந்தப் பெண்மணி. "சட்டுனு இரும்புன்னு அதான் கைக்குக் கெடச்சிச்சு. அப்பால வாங்கிக்கலாம்னு பாத்தா, பொண்ணு கெட்டியா புடிச்சிக்கினு வுட மாட்டேன்னுச்சு. வெரலைப் பிரிக்க மனசு வரல."

"வீடு எங்கே?"

"பல்லாவரம்."

பல்லாவரத்தைத் தாண்டித்தான் தாம்பரம். இறங்கவேண்டிய இடத்தில் அவர் இறங்கவேயில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. "வீட்டுல யாரு இருக்காங்க?" என்று கேட்டாள் அம்மா, குரல் இறங்கி.

"ரெண்டு பசங்க. இஸ்கூல் வுட்டு வந்து வாசல்ல குந்திக்கினு இருக்கும். குந்தட்டுமே, இன்னா இப்போ?"

அம்மா குனிந்து சாவியை எடுத்தாள். முந்தானையால் துடைத்து அவர் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். காபி குடிக்கக்கூட அவர் நிற்கவில்லை. அப்பாதான் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன்வரை துணைக்குப் போனார். பெயர் கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இரும்பால் வலிப்பு நிற்காது. யாராவது நிற்கும் என்றால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் தன் வீட்டுச் சாவியை வைத்துவிட்டு, பிள்ளைகள் தெருவில் காத்திருக்க, அவள் தானாக விடும்வரை உட்கார்ந்திருக்க ஒருவரால் எப்படி முடிந்தது? மூளைக்குள் மின்சாரம் ஓடுவதைப் பார்த்து வாய் பிளந்தவள் நான். இதோடு வைத்துப் பார்த்தால் அது எனக்கு ஒன்றுமே இல்லை.

இரண்டு நாள் அடித்துப் போட்டது போலக் கிடந்தேன். திங்கட்கிழமை காலை, ராஜினாமாவை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அம்மா டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை வந்தியே, அது எந்த வண்டி?"

"ஆபீஸ் விட்டதும் வர்ற வண்டிதான். ஏன்?"

"இன்னைக்கும் அதுலயே வாடி," என்றாள் அம்மா. "அவங்கள்லாம் வர்ற வண்டியில."