அந்தோணியாரை வேனில் ஏறச் சொன்னவர்

மழையில் நின்றுகொண்டிருந்த அந்தோணியாரை என் வீட்டுக்காரர் வேனில் ஏறச் சொன்ன அன்றுதான் எங்கள் வீட்டில், அவர் இனி வண்டி ஓட்டலாமா என்ற பேச்சு தொடங்கியது.

நிஜ அந்தோணியார் இல்லை, சிலைதான். பக்கத்துத் தோட்டத்து வேதக்காரர்கள் தார் ரோட்டு ஓரத்தில் புதிதாக வைத்திருந்தார்கள். ஆள் உயரம், காவி நிற அங்கி, கையில் குழந்தை. அன்று மழையும் பனிமூட்டமும் சேர்ந்து அடித்தது. இவர் பிரேக்கை மிதித்துக் கண்ணாடியை இறக்கினார்.

"என்னாங்க, மழையில பச்சப்புள்ளைய வச்சிக்கிட்டு நிக்கிறீங்க? ஏறுங்க, டவுனுக்குத்தானே?"

பதில் இல்லை.

"பேச மாட்டேங்குறாரே. கோவமா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்து வயிறு பிடித்துக்கொண்டது. சொல்லவே முடியவில்லை. ஒரு வழியாகச் சொன்னதும் இவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சிக்கிங்க சாமி, ஆள் தெரியல" என்றுவிட்டு வண்டியை எடுத்தார். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே போனேன். அதனால் அடுத்த பஸ் ஸ்டாண்டில் குடையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்ட எங்கள் சொந்த மகளை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

மகள் பஸ்ஸில் டவுனுக்குப் போய், தொப்பலாக நனைந்து வீடு திரும்பினாள். சிலைக் கதையை நான்தான் வாய் அடங்காமல் அவளிடம் சொன்னேன்.

"செலைக்கு வண்டிய நிப்பாட்டுவீங்க, பெத்த மகளுக்கு நிப்பாட்ட மாட்டீங்க. அப்படித்தானே அப்பா?"

"நீ கையில புள்ளைய வச்சிக்கிட்டு நிக்கலையேம்மா" என்றார் இவர்.

நான் மறுபடி சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்கம்மா. இன்னைக்குச் சாமிய வண்டியில ஏறச் சொன்னாரு. நாளைக்கு வண்டியில ஏறுனவங்களச் சாமிகிட்டயே கொண்டுபோய் விட்டுருவாரு."

என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிவிட்டார். பிறகு வாங்கியது இந்தப் பழைய வேன். நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு நோய் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு இவர்தான். வெள்ளிக்கிழமை டவுன் கோவிலுக்கு எங்களைக் கூட்டிப்போவதும் இவர்தான். வேன் சாவியை ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார். அந்தச் சாவியைத்தான் மகள் கேட்டாள்.

"டவுன்ல கார் பழக்குற மாஸ்டர் ஒருத்தர் இருக்காரு. அவரு பக்கத்துல ஒக்காந்து பார்க்கட்டும். சரின்னு சொன்னா ஓட்டுங்க. இல்லன்னா சாவி எனக்கு."

"எனக்கே டெஸ்ட்டா? அந்த மாஸ்டரு தொட்டில்ல கெடக்கும்போதே நான் லொறிய ரிவர்ஸ்ல மலையேத்துனவன்!"

"அப்ப என்னா பயம்?"

"பயமா? எனக்கா? வரச் சொல்லு அவர!"

அப்பாவை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

இன்னொரு நிபந்தனையும் போட்டாள். "அம்மா பின்னுக்கு ஒக்காரணும். வாயத் தொறக்கக் கூடாது."

இதற்குக் காரணம் உண்டு. எங்கள் ரோட்டில் வளைவுக்கு ஒரு சாமி. தோட்டத்து வாசலில் பிள்ளையார். கிடுகிடு பள்ளத்துக்கு மேலே முனியாண்டி. சந்தியில் அரச மரத்தடியில் புத்தர். இப்போது அந்தோணியார் வேறு. ஒவ்வொருவரும் வரும் முன்னால் நான் சத்தமாகக் கூப்பிடுவேன். "பிள்ளையாரப்பா!" என்பேன், இவர் ஒரு ஹோன் அடித்துக் கும்பிடு போடுவார். "முனியாண்டி, காப்பாத்துப்பா!" என்பேன், இன்னொரு ஹோன். சாமியில் நான் வித்தியாசம் பார்ப்பதில்லை. மலை ரோட்டில் போகிறவளுக்கு எல்லாச் சாமியும் வேண்டும்.

வாயை மூடு என்று மகள் சொன்னால் என் வாய் மூடுமா? அம்மனுக்கு நேர்ந்தால்தான் மூடும். ஆகவே டெஸ்ட் அன்று காலை குளித்து, விளக்கேற்றி, கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். வேன் வீடு திரும்பும்வரை மௌன விரதம். தாயே, இந்த மனுசன்கிட்ட இருந்து சாவியப் பறிச்சிடாதே என்று வேண்டிக்கொண்டு ஏறினேன்.

மாஸ்டர் சிங்கள ஆள், தமிழ் கொஞ்சம் பேசுவார், சிரித்த முகம். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இவர் வண்டியை எடுத்த அழகை என்ன சொல்ல! கிளச்சும் கியரும் வெண்ணெய் மாதிரி. மாஸ்டர் தலையாட்டினார். பிள்ளையாரைத் தாண்டும்போது எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். இவர் ஹோன் அடிக்கவில்லை. சாமியையே மறந்துவிட்டாரே என்று மனம் பதறியது.

கொழுந்து நிறுக்கும் மடுவம் தாண்டியதும் பனி வந்து மூடியது. வேன் மெதுவானது. இன்னும் மெதுவானது. பிறகு நின்றே விட்டது.

"ஐயா, ஏன் நிப்பாட்டின?"

"எடம் தெரியல மாத்தயா."

"எப்பவும் போற ரோட் தானே?"

இவர் முன் கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்தார். "எப்பவும் அவ சொல்லுவா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காலமும் நான் சாமி கும்பிட்டுக்கொண்டு போவதாக நினைத்திருந்தேன். இவரோ நான் கும்பிடுவதைக் கேட்டு வளைவைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார்!

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, இது எந்த எடம்?"

மஞ்சள் கயிற்றைக் காட்டினேன். வாயைக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. வேறு வழி? இரண்டு கையாலும் இல்லாத மீசையை முறுக்கினேன். கண்ணை உருட்டினேன். குடையை அரிவாள் மாதிரி தலைக்கு மேலே ஓங்கினேன்.

மாஸ்டர் கதவோடு ஒட்டிக்கொண்டார். "ஐயா! அம்மாவுக்கு ஏதோ வருத்தம்! ஆஸ்பத்திரிக்குப் போவம்!"

இவர் முழுசாகத் திரும்பி, மூக்கு இடிக்கிற அளவுக்கு வந்து என்னைப் பார்த்தார்.

"மீச… அருவா… முனியாண்டி! அடடா, முனியாண்டி வளைவு! அப்ப எடது கைப்பக்கம் பள்ளம்!" என்று கையைத் தட்டி, ஹோனை ஓங்கி அடித்தார்.

விஷயம் விளங்கியதும் மாஸ்டர் சிரித்த சிரிப்பில் வேனே குலுங்கியது. நானும் முந்தானைக்குள் குலுங்கினேன். சத்தம் வெளியே விடவில்லை, விரதம். சிரித்து ஓய்ந்ததும் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஐயாட கை இன்னும் லொறி ட்ரைவர்ட கைதான். தெரியாத எடத்தில நிப்பாட்டினதும் நல்லம். ஆனா அம்மாட வாய வச்சி வண்டி ஓட்ட ஏலாது. மொதல்ல கண்ணக் காட்டுங்க. அதுக்குப் பொறகு நான் திரும்பப் பாக்கிறன்."

திரும்பும்போது மாஸ்டரே ஓட்டினார். இவர் பின்னுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சொந்த வேனில் பின் சீட்டில் இவர் உட்கார்ந்தது அன்றுதான்.

"கொஞ்ச நாளாவே கண்ணு மங்குது புள்ள" என்று காதோரம் சொன்னார். "சொன்னா சாவியப் புடுங்கிருவீங்க. இன்னைக்குப் பள்ளம் எந்தப் பக்கம்னே தெரியல. பயந்துட்டேன். நீ பேச முடியாம ஒக்காந்திருக்க, அதான் சொல்ல முடியுது."

கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வந்து, விளக்கடியில் கயிற்றை அவிழ்த்ததும் முதல் வேலையாக வாய் வலிக்கத் திட்டினேன். இவரே சாவியை எடுத்து மகளிடம் கொடுத்தார். அன்று ராத்திரி வெறும் தலையணையைப் புரட்டிப் புரட்டிப் படுத்தார்.

வயது போனவர்கள் வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒருமுறை பார்க்கிறோம் என்றால் அதில் என்ன அவமானம்? அம்மன் தேருக்கே வருஷா வருஷம் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துத்தான் வடம் பிடிக்கிறார்கள். அம்மன் கோபித்துக்கொண்டாளா?

கண்ணில் புரை என்றார்கள். ஒரு கண்ணுக்கும் பிறகு மற்றக் கண்ணுக்கும் ஒப்பரேஷன் ஆனது. கட்டை அவிழ்த்த மறுநாள் அடுப்படியில் என்னை உற்று உற்றுப் பார்த்தார்.

"ஏ புள்ள, அன்னைக்கு நீ வீணா மீசைய முறுக்குன. ஒனக்குத்தான் சொந்தமாவே இருக்கே!"

அகப்பையோடு லயத்து வாசல்வரை துரத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கண்களை அம்மன் நல்லபடி திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று எனக்குள் அத்தனை சந்தோஷம்.

இரண்டாம் டெஸ்டுக்கு விரதம் இல்லை. ஆனாலும் எனக்கு வேலையே இருக்கவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்னமே, "பிள்ளையாரப்பா!" என்று இவர் ஹோன் அடித்தார். "முனியாண்டிக்குப் புதுப் பெயின்ட் அடிச்சிருக்காங்க, பாத்தியா?" என்றார். புத்தருக்கும் இவரே முந்திக்கொண்டார். என்னை ஒரு சாமியையும் கூப்பிட விடவில்லை. மாஸ்டர் திருப்தியாகத் தலையாட்டி, "பகல்ல ஓட்டுங்க. பனி வந்தா ஓட வேணாம். அடுத்த வருஷமும் நான் வாறன்" என்றார்.

இவர் சரி என்று சொன்ன கையோடு பிரேக்கை மிதித்தார். அந்தோணியார் முன்னால்! மறுபடியுமா என்று தலையில் கைவைத்தேன். இவர் கண்ணாடியை இறக்கினார்.

"இன்னைக்கு எடம் இல்ல சாமி. அடுத்த ட்ரிப்புல ஏறிக்கிங்க."

அடுத்த பஸ் ஸ்டாண்டில் மகள் நின்றாள். முடிவு என்னவோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டு. குடையைக் கூட ஆட்டவில்லை, கையைக் கூடக் காட்டவில்லை. அவளுக்கு அதுதான் டெஸ்ட். வேன் அவள் செருப்பு நுனிக்கு நேராகப் போய் நின்றது.

"கையில புள்ள இல்லாட்டியும் பரவாயில்ல" என்றார் இவர். "ஏறும்மா."

ஏறினாள். ஏறி, பின்னால் இருந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இவர் ஹோனை அடித்தார், எந்தச் சாமிக்கு என்று தெரியவில்லை.