வெங்காயச் சருகு நிறத்துப் பூனை

கலசப்பாக்கத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் பக்கத்து இலைக்காரி பாயசத்தை வழித்துக்கொண்டே கேட்டாள்: "பூனைக்குச் சாயம் போட்டு ஷோவுக்குத் தூக்கினு போனாளாமே ஆரணிக்காரி, ஹேமலதா, அவ உங்களுக்குச் சொந்தமா?" அந்தப் பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்தது அப்படித்தான்.

சொந்தம்தான். போக்குவரத்து நின்றுபோன சொந்தம். களம்பூர் அய்யனாருடைய இளைய மகள். அய்யனார் யாரென்றால், எங்கள் பெரியப்பா லோகநாதனுக்கு வாழ்க்கைப்பட்ட பச்சையம்மாளின் கூடப்பிறந்த தம்பி. தறியை விட்டுவிட்டு ரைஸ் மில்லில் எடை போடப் போனவர். எலித் தொல்லைக்காக மில்லில் பூனைகளை விட்டிருந்தார்கள். ஹேமலதா அதுகளோடு உமியில் புரண்டு வளர்ந்தவள். அவளை ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற ஜெயக்குமாருக்குக் கொடுத்தார்கள். ஆக, வீட்டில் சாயமும் உண்டு, பூனையும் உண்டு. ஊர் வாய்க்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

நடந்தது வேறு. ஹேமலதா பெர்ஷியன் பூனை வளர்த்து, பூனை வளர்ப்போர் கிளப்பில் பதிந்து, குட்டிகளை விலைக்குக் கொடுத்துவந்தாள். ஒரு ஈற்றில் பெட்டைக் குட்டி ஒன்று தாய் தகப்பன் யாரையும் கொள்ளாமல் பிறந்தது. முடியின் அடி சாம்பல், நுனி இளஞ்சிவப்பு. வெயிலில் ஒரு பக்கம் திரும்பினால் ஒரு நிறம், மறுபக்கம் திரும்பினால் வேறு நிறம். மாமியார் விருத்தாம்பாள் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "இன்னாடி யோசன? நெடுக்க ஓடற பாவு சாம்பல், குறுக்க ஓடற ஊடை வெங்காயச் சருகு. போன தைக்கு நெய்ஞ்ச சேலையாட்டமே கீது." அன்றிலிருந்து அதன் பெயர் சருகு.

கிளப் ஏற்றுக்கொண்ட நிறங்களில் இது இல்லை. கண்ணமங்கலத்தில் பூனை வளர்க்கும் ரஞ்சித்குமாருக்கு ஹேமலதா போன் போட்டாள்.

"க்ரீம்னு எழுதிடுங்கக்கா. கிட்டத்தட்ட அதான?"

"கிட்டத்தட்டன்னா அது இல்லன்னுதான தம்பி அர்த்தம்?"

"பேஜார் பண்ணாதீங்கக்கா. க்ரீம்னா பதிஞ்சு பேப்பர் வரும். இல்லாட்டி கர்ப்பப்பை எடுக்கச் சொல்வாங்க. பேர் இல்லாத நெறத்துல குட்டி எடுக்கக் கூடாதுன்றது அவங்க சட்டம்."

போனை வைத்தபின் அவள் மடியில் கிடந்த குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயக்குமார் கைகழுவிக்கொண்டே கேட்டான், "இன்னா முடிவு?"

"உங்க பட்டறைல சாம்பிள் ஒண்ணு காட்டிட்டு வேற சாயத்துல நூல் குடுப்பீங்களா?"

"குடுத்தா தறிக்காரன் என்னையே தொட்டில முக்கிடுவான்."

"அப்போ நான் மட்டும் எப்பிடிங்க க்ரீம்னு எழுதறது? சருகுக்கு அதோட நெறத்துலயே பேப்பர் வாங்கறேன். வயித்துல கத்தி வைக்கவும் விடமாட்டேன்."

வேலூரில் பூனை ஷோ நடந்தது. நிறத்தை நேரில் காட்டிப் பேப்பர் கேட்கலாமென்று சருகைத் தூக்கிக்கொண்டு போனாள். ஜட்ஜாக வந்தவர் ஸ்வர்ணலதா, சென்னைக்காரர், கிளப்பின் பொறுப்பாளரும் அவர்தான். சருகைத் தூக்கி முடியை ஊதிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு ஊர்ப் பெயரைப் பார்த்தார்.

"ஆரணியா? வீட்டுக்காரர் என்ன தொழில்?"

"பட்டுக்குச் சாயம் போடறாருங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "நல்லாப் போட்டிருக்கார்!" என்று ஒரு குரல்.

ஹேமலதாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சாயம் நிற்குமா ஓடுமா என்று பார்க்க ஆரணியில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பையிலிருந்த வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து நீட்டினாள். "தேய்ச்சுப் பாருங்கம்மா. ஒரு பொட்டு ஏறிச்சுன்னா இந்த வாசப்படிய மிதிக்கமாட்டேன்."

ஸ்வர்ணலதா முதுகில் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. வயிற்றில் தேய்த்தார். வெள்ளை. வாலடியில் தேய்த்துத் துணியை விரித்தார். அரக்குச் சிவப்பில் திட்டாக ஒட்டியிருந்தது.

விஷயம் இதுதான். ஷோவுக்கு முந்தின நாள் மழை. பட்டறையில் காயாத, கழி என்று சொல்லும் நூல் கற்றைகளை ஜெயக்குமார் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து கொடி கட்டிப் போட்டிருந்தான். ஆரணியில் சாயக்காரர் வீட்டில் நடப்பதுதான். குளிருக்கு இதமாகச் சருகு ஒரு கழியை இழுத்துப்போட்டு அதன்மேல் தூங்கியிருக்கிறது. அவளே எடுத்து நீட்டிய துணி அவளையே காட்டிக்கொடுத்தது. நடந்ததை அவள் சொன்னபோது கேட்க ஆளில்லை. சருகை மேசையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அங்கே கிளம்பிய பேச்சுதான் கலசப்பாக்கத்துப் பந்திவரை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஆரம்பித்தார்.

"நல்ல பேரு வாங்கிகினு வந்துட்ட. ஆப்ரேசன பண்ணிட்டு சோத்தப் போட்டு வச்சுக்கோ. பூனை இன்னா கேக்கப் போவுதா?"

"அது கேக்காது அத்த. அதனாலதான் நான் கேக்கறேன்."

மறுநாள் ஸ்வர்ணலதாவுக்குப் போன் செய்தாள். "அம்மா, துணியில ஒட்டினது எங்க வீட்டுச் சாயம்தான். அது எங்க தப்பு. ஆனா முடியோட நெறம் பொறவி நெறம், மேல ஏத்தினது இல்ல. சருகைக் கண்ணமங்கலத்துல ரஞ்சித்குமார்கிட்ட வுட்டுடறேன், அங்க சாயம்ன்ற பேச்சே கெடையாது. நீங்களே வந்து உங்க கையால செரைங்க. மொளைக்கிற முடி எந்த நெறமோ அதப் பாத்துச் சொல்லுங்க."

ஸ்வர்ணலதா கேட்டார்: "ஷோவுக்கு வந்த பூனையை மொட்டை அடிக்கச் சொல்றீங்களா?"

"மொட்டை அடிச்சாத்தான் மொளைக்கும்மா."

ஸ்வர்ணலதா வந்தார். சருகின் இடுப்பில் உள்ளங்கை அகலம் சிரைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார். ஹேமலதா ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கண்ணமங்கலம் போய் வந்தாள். பட்டறை வாடைகூட ஒட்டக் கூடாதென்று புதுப் புடவை கட்டிக்கொண்டு போவாள். "பூனைய பாக்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று கண்டக்டர்கூடக் கேட்டான். மழைக்காலம் போய்ப் பனி வந்தபோது இடுப்பில் முடி வளர்ந்து மூடியிருந்தது. அடியில் சாம்பல், நுனியில் வெங்காயச் சருகு.

சாயமில்லை என்று ஸ்வர்ணலதா கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். சண்டை அதன்பிறகுதான் மூண்டது. அழுக்கு க்ரீம் என்றார் ஒருவர். புது நிறம்தான், வெளிநாட்டிலும் இப்படித்தான் தொடங்கியது என்றார் இன்னொருவர். தெருப்பூனை ரத்தம் என்று ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு ஹேமலதா செல்போனைக் கட்டிலில் வீசினாள். பிறகு எடுத்து, தாய் தகப்பன் பேப்பர்களைப் படம் பிடித்து அனுப்பினாள்.

கிளப் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். ஸ்வர்ணலதா நிதானமாகவே பேசினார். "உங்க மேல சந்தேகம் இல்லைங்க. ஆனா உங்க ஒருத்தர் வீட்ல ஒரே ஒரு பூனை. ஒத்தப் பூனைய வச்சு இது ஒரு நிறம்னு நாங்க எப்படிச் சொல்றது? நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணைத் தூக்கிட்டு வருவாங்க. க்ரீம்னு ஒத்துக்குங்க, இப்பவே பேப்பர். இல்லன்னா ஆபரேஷன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஹேமலதாவுக்கும் அது புரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஒத்தப் பூனைன்றீங்க, சரி. குட்டி போட்டாத்தான ரெண்டாவும்? குட்டியும் போடக் கூடாது, ஒண்ணே ஒண்ணுன்னும் குத்தம் சொல்வீங்கன்னா எப்பிடிங்கம்மா? பரிசு வேணாம். மேடையும் வேணாம். நெறம் எழுதற எடத்துல இன்னும் ஒத்துக்கலன்னு எழுதுங்க, அது நெசம். க்ரீம்னு மட்டும் எழுதாதீங்க. அத நம்பி வாங்கறவங்க நாளைக்கு சாம்பல் வேரோட குட்டியக் கையில வச்சிகினு யார் சட்டைய புடிப்பாங்க?"

வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்கள். ஆபரேஷன் வேண்டாம். சருகைப் பதியலாம், நிறம் அங்கீகாரம் இல்லை என்று எழுதி. அதுவும் அதன் குட்டிகளும் போட்டியில் நிற்க முடியாது. இரத்த சம்பந்தமில்லாத இன்னொரு வீட்டுப் பூனைக்கும் இதே நிறம் பிறந்தால் மறுபடி பேசலாம்.

அந்தத் தாளை அவள் மடித்து வாங்கிக்கொண்டாள். "பேர் இல்லன்னு எழுதி வாங்கிகினு வர்றதுக்கா இத்தன அலைச்சல்?" என்று ஜெயக்குமார் கேலி செய்தான். "பொய்ப் பேர் இல்லையே" என்றாள்.

ரஞ்சித்குமாரின் கடுவனோடு சேர்த்தார்கள். முதல் ஈற்றில் ஒன்றுகூட அந்த நிறமில்லை. விருத்தாம்பாள் உதட்டைப் பிதுக்கினார். ஹேமலதா அந்தக் குட்டிகளை உள்ள நிறம் சொல்லியே கொடுத்தாள். அடுத்த ஈற்றில் கடைசியாக வந்த குட்டிக்கு அடி சாம்பல், நுனி சருகு. பார்த்ததும் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடியவர் விருத்தாம்பாள்தான்.

ஹேமலதா இப்போது ஆரணியில், சாயப்பட்டறையை ஒட்டிய தெருவில், மாடி வீட்டில் இருக்கிறாள். சருகும் அதன் மகளும் அவளிடம் இருக்கின்றன. நூல் கழி எதுவும் மாடிக்கு ஏறுவதில்லை. இது சருகின் மகள்தானே, வேறு வீட்டுப் பூனை இல்லையே என்று கிளப் அந்த நிறத்தை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.