மாடிக்கு ஏறிய மிளகாய் மூட்டைகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி வந்து, சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் குடியேறினேன். எங்களுக்கு ஓர் அறை. பக்கத்து அறையில் கைக்குழந்தையோடு ஒரு சீனத் தையற்காரி. கீழே மாவு மில். மில்காரர் தஞ்சாவூர்ப் பக்கம், கறாரான மனிதர். என் கணவரோடு பேசுவார். என்னோடு பேசியதில்லை.

ஒரு டிசம்பரில் விடாமல் மழை பெய்தது. கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, கால்வாய் நிரம்பித் தண்ணீர் சந்துக்குள் வந்தது. பிற்பகலில் மில்லுக்குள்ளும் புகுந்துவிட்டது. கணவர் துறைமுகத்தில் வேலையில் இருந்தார். மில்காரர் பாதிப் படி ஏறி நின்றார்.

"தங்கச்சி, மூட்டையெல்லாம் நனையுது. கொஞ்சம் மேல வச்சுக்கலாமா?"

"அவங்க வீட்டுல இல்லையேண்ணே," என்றேன். அவர் படியிறங்கத் திரும்பினார். "சரி, கொண்டாங்க," என்றேன்.

மிளகாய், மல்லி, கோதுமை என்று ஆட்கள் சுமந்து வந்தார்கள். எங்கள் அறை நிறைந்ததும் தையற்காரி தன் கதவைத் திறந்து, தையல் இயந்திரத்தை ஓரமாக நகர்த்தினாள். "சினி தாரோ லா," என்றாள். இங்கே வை என்று மலாயில் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது.

கணவர் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நான் வீட்டுக்கு வந்தேனா, மில்லுக்கு வந்தேனா?" என்றார். அன்றிரவு எல்லோருக்கும் ஒரே தும்மல். குழந்தைதான் நன்றாகத் தூங்கியது.

காலையில் தண்ணீர் வடிந்துவிட்டது. கீழே சேறு கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்போது எங்கள் காலடியில் மரம் முறியும் சத்தம் கேட்டது. பலகைத் தரை லேசாகச் சாய்ந்தது. ஆட்கள் மூட்டைகளை இறக்கப் படியேறினார்கள். மில்காரர் அவர்களைத் தடுத்துவிட்டார்.

"மூட்டை கெடக்கட்டும். மொதல்ல நீங்கள்லாம் இறங்குங்க தங்கச்சி."

தையற்காரி படியில் கால் வைக்கத் தயங்கினாள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். வெளியே அஞ்சடியில், கடை முன்னிருந்த நடைபாதையில், நின்று பார்த்தோம். என் கணவரும் மில்காரரும் எங்கிருந்தோ ஒரு கனத்த மரத்தூணைக் கொண்டுவந்து, விரிசல் விட்ட உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் மூட்டைகள் இறங்கின. கோதுமையில் பாதி கீழேயே நனைந்து வீணாகியிருந்தது. அதைப் பற்றி மில்காரர் எங்களிடம் புலம்பவில்லை.

கட்டடத்தின் சொந்தக்காரர் வந்து பார்த்தார், ஆள் அனுப்புவதாகச் சொன்னார். யாரும் வரவில்லை. தூண் மில்லின் நடுவிலேயே நின்றது. மாவு அரைக்க வந்தவர்கள் அதைச் சுற்றிப் போகப் பழகினார்கள். கணவர் அந்த மாதமே அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போட்டார். அது கிடைக்கச் சில வருடங்கள் ஆயின. அதுவரை அந்தத் தரையில்தான் பாய் விரித்தோம். நான் பயமில்லாமல் தூங்கினேன்.